பம்புசெட்டா, ஸ்கூட்டரா, அடுப்பா: எண்ணெயை எதிலிருந்து விடத் தொடங்குவது?

"இன்னும் 40 வருஷத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாராவது சொல்லியிருப்பார். நம் அப்பாக்களுக்கும் அதே 40தான் சொன்னார்கள். அந்த 40 குறையவே இல்லை, அதனால் ஊரில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. எண்ணெய் உச்சம், அதாவது உற்பத்தி ஒரு கட்டத்தோடு ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் என்பது, வெறும் கட்டுக்கதை, பூமிக்குள் வேண்டியமட்டும் கிடக்கிறது என்பது ஒன்று. எல்லாம் கவிழப்போகிறது, மாட்டுவண்டி வாங்கி வையுங்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டில் எதை நம்பினாலும் ஒரு மோட்டாருக்குக்கூட ஆர்டர் கொடுக்க முடியாது. வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்பதெல்லாம் டீசல் இன்ஜினை மாற்றலாமா, அடுத்த வண்டி எது, கேஸ் அடுப்போடு கரண்ட் அடுப்பும் வைக்கலாமா என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல முதலில் அந்த 40ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஹப்பர்ட் என்ற புவியியலாளர், ஷெல் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1956ல் ஒரு கணக்குப் போட்டார். எண்ணெய் உற்பத்தி முதலில் ஏறும், இருப்பில் பாதியை எடுத்து முடிக்கிற வாக்கில் உச்சத்தைத் தொடும், அப்புறம் இறங்கும். அமெரிக்காவுக்கு அந்த உச்சம் 1965க்கும் 1970க்கும் நடுவில் வரும் என்றார். நிறையப் பேர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 1970ல் வந்தது. உலகத்துக்கு 2000ஐ ஒட்டி வரும் என்று சொன்னதுதான் பிசகியது. ஏன் பிசகியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆழ்கடல், கனடாவின் தார் மணல், பாறையை உடைத்துப் பிழிகிற ஷேல் எண்ணெய் என்று அவர் கணக்கில் இல்லாத சரக்கெல்லாம் உள்ளே வந்தது. அமெரிக்கா 2018ல் தன் 1970 உச்சத்தையே தாண்டிவிட்டது, இப்போது நாளைக்கு 1 கோடியே 30 லட்சம் பீப்பாய் வாக்கில் எடுக்கிறது. ஆனால் குழாயை இறக்கினால் தானாக வருகிற பழைய ரக எண்ணெய் 2006ஐ ஒட்டியே உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று சர்வதேச எரிசக்தி முகமை தன் 2010 அறிக்கையில் எழுதியது. மேலே வந்ததெல்லாம் கஷ்டப்பட்டு எடுத்த எண்ணெய்.

ராதாபுரம் பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாத்தா காலத்தில் கமலை கட்டி இறைத்தது, பிறகு மோட்டார், பிறகு கிணற்றுக்குள்ளேயே சைடு போர், பிறகு வெளியே 500 அடி போர். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, ஒரு குடம் மேலே வர ஆகும் செலவுதான் வேறாகிவிட்டது. எண்ணெயும் அப்படித்தான். ஷேல் கிணற்றில் முதல் வருஷத்திலேயே ஊற்று பாதிக்கு மேல் விழுந்துவிடும், அதனால் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும், தோண்டுவதற்கு விலை உயரமாக நிற்க வேண்டும், விலை உயர்ந்தால் வாங்குகிறவன் குறைத்துக்கொள்வான், உடனே விலை விழும், தோண்டுகிறவன் நிறுத்துவான். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி, கொரோனா முடக்கத்தில், அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 37 டாலர் வரை போனது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிற நாட்டில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு, எண்ணெய் எந்த வருஷம் தீரும் என்பதைவிட இந்த ஆட்டம்தான் பெரிய ஆபத்து.

இப்போது உச்சம் மறுபக்கத்திலிருந்தும் வரலாம் என்கிறார்கள். எடுக்க முடியாமல் போய் அல்ல, கேட்க ஆளில்லாமல். 2024ல் உலகத்தில் 1.7 கோடிக்கு மேல் மின்சாரக் கார்கள் விற்றன, புதுக் காரில் ஐந்தில் ஒன்று. சீனாவில் ஏறக்குறைய பாதி. சரி, நல்லது. அதை நம்பி நாம் சும்மா இருக்க முடியாது, ஏனென்றால் இந்தியாவின் தேவை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

என் கட்சி இதுதான்: எண்ணெய்க்கு எது மாற்று என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் பதில் வராது. அணுவா, காற்றா, சூரியனா என்று மூன்றையும் மேடையில் நிறுத்தி மார்க் போடுகிற கட்டுரைகள் படிக்க நன்றாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. எண்ணெய் செய்கிற வேலைகளைப் பிரிக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று செய்கிற வேலை, சாயந்தரம் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற வேலை, பாரத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் போகிற வேலை. முதலாவதில் எண்ணெயை இன்றே விடலாம், இரண்டாவதில் யோசித்து விடலாம், மூன்றாவதில் இப்போதைக்கு விட முடியாது.

வீட்டுக்குள் போவதற்கு முன், எண்ணெயை விட்டால் எதைப் பிடிக்கப்போகிறோம் என்று பார்க்க வேண்டும், எல்லாம் கடைசியில் கரண்டில்தான் வந்து முடிகிறது. இதில் திருநெல்வேலிச் சீமைக்காரனுக்கு ஒரு வசதி. உலகம் விவாதிக்கிற எல்லாமே ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் கண்ணில் படும். கூடங்குளத்தில் அணு, பணகுடியிலும் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைக் காத்தாடி, தூத்துக்குடியில் நிலக்கரி, பாபநாசத்தில் தண்ணீர், கங்கைகொண்டானில் சூரியத் தகடு செய்கிற தொழிற்சாலை.

பாபநாசத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1944ல் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது, ஆனால் 30 மெகாவாட் சொச்சம்தான். அந்தத் தண்ணீர் முதலில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்கு, அப்புறம்தான் கரண்டுக்கு. தாமிரபரணியில் இனி இதைப் பெருக்க இடமில்லை.

கூடங்குளத்தைப் பற்றி இரண்டு பக்கமும் சூடாகத்தான் பேசுவார்கள். ஓடுகிற உலைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். ஒரு உலை நாள் முழுக்க ஓடினால் 2.4 கோடி யூனிட். அதே கரண்டை நிலக்கரியில் எடுக்க நாளைக்குச் சுமார் 15 ஆயிரம் டன் கரி எரிக்க வேண்டும், அணு உலைக்கு வருஷத்துக்கே சில பத்து டன் எரிபொருள் போதும். ராத்திரி, மழை, மேகம் எதுவும் அதற்குக் கணக்கில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் ஒப்பந்தம் போட்டது 1988ல், ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் கடைசியில். நடுவில் சோவியத் யூனியனே காணாமல் போய்விட்டது. இடிந்தகரையில் ஜனங்கள் போராடியதை முட்டாள்தனம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2011 மார்ச்சில் புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்த கடற்கரை ஜனங்கள் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்றாவது முதல் ஆறாவது வரை உலைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், முடியட்டும், வருகிற கரண்டு வரட்டும். ஆனால் எண்ணெய் விலை அடுத்த முறை துள்ளும்போது கைகொடுக்க இதுதான் வழி என்று யாராவது சொன்னால், எத்தனை வருஷத்தில் என்று கேளுங்கள்.

காத்தாடி நேர் எதிர். ஒரு சீசனுக்குள் நட்டுவிடலாம். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மலைக்கணவாய் வழியாகக் காற்று கொட்டுகிறது, வாழைக்கு முட்டுக்கொடுக்க வைக்கிற அதே காற்று. தமிழ்நாட்டில் நட்டிருக்கிற காற்றாலைத் திறன் 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சிக்கல் ஐப்பசிக்கு அப்புறம். அதே காத்தாடிகள் சும்மா நிற்கும். ஆடியில் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாரும் தூங்கும்போது அதிகமாக வரும் கரண்டை மாசியில் சாயந்தரம் ஏழு மணிக்கு எடுத்துக்கொடுக்க வழி இல்லை. பேட்டரி சில மணி நேரத்துக்கு உதவும், மாதங்களுக்கு உதவாது. மேலே தண்ணீரை ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்குகிற காடம்பாறை நிலையம் 400 மெகாவாட், குந்தாவில் 500 மெகாவாட் கட்டுகிறார்கள், அதுவும் நாள் கணக்குக்குத்தான்.

இருந்தாலும் பொதுவில் ஒரே ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் நான் காற்றில்தான் கைவைப்பேன், அதுவும் புதுசாக நிலம் தேடி அல்ல. 1990களில் நட்ட சின்னக் காத்தாடிகள், 225, 250 கிலோவாட் ரகம், காற்று நன்றாக அடிக்கிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இன்று ஒரே காத்தாடி 2 மெகாவாட்டுக்கு மேல், உயரமும் அதிகம், மெல்லிய காற்றிலும் சுற்றும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கத் தமிழக அரசு 2024ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. பழைய காத்தாடி ஒருவர் பெயரில், நிலம் இன்னொருவர் பெயரில், பக்கத்துக் காத்தாடி மூன்றாமவர் பெயரில் இருக்கிற ஊரில் இது சுலபமாக நடக்காது. ஆனாலும் இவ்வளவு குறைந்த நிலத்தில் இவ்வளவு கரண்டு வேறு எங்கும் கிடைக்காது.

சூரியன் மூன்றாவது. ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலுக்கு நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும். வெயில் ஏற ஏறக் கரண்டும் ஏறும் என்று நினைப்பார்கள், வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது, அக்கினி நட்சத்திரத்தில் தகடு கொதித்தால் உற்பத்தி கொஞ்சம் இறங்கும். தேரிமண் புழுதியும் காக்காய் எச்சமும் வேறு. சாயந்தரம் ஆறரைக்கு மேல் ஒன்றும் இல்லை, அப்போதுதான் வீட்டில் லைட், ஃபேன், டிவி எல்லாம் ஓடும். அந்த நேரத்தைத் தாங்குவது இன்றைக்கு நிலக்கரிதான், தூத்துக்குடிக்குக் கப்பலில் வருகிற கரி. மின்சார ஸ்கூட்டரில் புகையே இல்லை என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிந்தால் ஸ்கூட்டரைப் பகலில் சார்ஜ் போடவும் வேண்டும்.

இன்னொரு வாதம் அடிக்கடி வரும்: எண்ணெயில் வளைகுடாவை நம்பியிருந்தோம், தகட்டிலும் பேட்டரியிலும் சீனாவை நம்பப்போகிறோம், என்ன வித்தியாசம்? கங்கைகொண்டானில் தகடு செய்தாலும் அதற்கு அடியில் இருக்கும் சிலிக்கான் சங்கிலியில் பெரும்பகுதி சீனாவின் கையில்தான், அது சரி. ஆனால் டீசலைத் தினமும் வாங்க வேண்டும், தகட்டை ஒரு தடவை வாங்கினால் 25 வருஷம். வளைகுடாக் கப்பல்கள் வெளியே வருகிற ஹோர்முஸ் நீரிணையில் ஏதாவது நடந்தால் மறுவாரமே உங்கள் கேஸ் புக்கிங்கில் தெரியும். சீனா தகடு தரமாட்டேன் என்றால் புதுசாக மாட்ட முடியாது, கூரையில் இருப்பது ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் ஒரே அடிமைத்தனம் இல்லை.

இனி வீட்டு விஷயம். பம்புசெட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் வித்தியாசம் மலைபோல் இருக்கிறது. 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். டீசல் 90 ரூபாய்க்கு மேல். ஒரு நாள் ஆறு மணி நேரம் வாழைக்குப் பாய்ச்சினால் 550 ரூபாய், வருஷத்தில் 100 நாள் பாய்ச்சினால் 55 ஆயிரம். இன்ஜின் ரிப்பேர், மண்ணெண்ணெய், ஸ்டார்ட் ஆகாத காலை நேரத்து வசவு எல்லாம் தனி. இதற்கு எதிரில் இலவச விவசாய மின்சாரம். அது கிடைத்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை, ஆனால் கிடைக்க வேண்டும். பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கிடைத்தாலும் மும்முனைக் கரண்டு வருகிற நேரத்துக்கு நாம்தான் எழுந்துபோக வேண்டும். மூன்றாவது சோலார் பம்பு. வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 60 சதவீத மானியம் உண்டு, மானியம் போகக் கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் போடவேண்டி வரும். டீசலில் 55 ஆயிரம் விடுகிறவருக்கு இரண்டு மூன்று வருஷத்தில் அது திரும்பிவிடும். கோடையில் வாழைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும், கோடையில்தான் வெயிலும் அதிகம், இப்படித் தேவையும் வரத்தும் தானாகப் பொருந்துகிற வேலை வேறு எதுவும் இல்லை. பேட்டரியும் வேண்டாம், தொட்டியில் நிரப்பி வைத்தால் அதுதான் பேட்டரி.

ஆக, மின் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறவர் சோலார் பக்கம் போக அவசரமே இல்லை. டீசலில் ஓட்டுகிறவர் காத்திருப்பது நஷ்டம். தகட்டு விலை இன்னும் இறங்கும் என்று ஒத்திப்போடுகிறார்கள், இறங்கலாம், ஆனால் காத்திருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 55 ஆயிரம் இறங்குமா? எனக்கு இதில் ஒரே ஒரு பயம். டீசல் போட்டு இறைக்கிறவன் காசுக்குப் பயந்து நிறுத்துவான், வெயிலில் ஓடுகிற மோட்டாரை யார் நிறுத்துவார்கள்? காலை முதல் சாயந்தரம் வரை இறைத்தால் 500 அடி போர் 700 அடியாகும். சொட்டுநீர் போடாமல் சோலார் பம்பு மட்டும் போடுகிறவர் எண்ணெயை மிச்சம் பிடித்துத் தண்ணீரைத் தொலைக்கிறார்.

ஸ்கூட்டருக்கு நீளமான ஆராய்ச்சி தேவையில்லை. பெட்ரோல் வண்டி கிலோமீட்டருக்கு 2 ரூபாய், மின்சார வண்டி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 30 பைசாவுக்குள். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் தினம் 30 கிலோமீட்டர் அலைகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மாறலாம். வாரம் இரண்டு நாள் கடைக்குப் போகிறவர் பழைய வண்டியையே ஓட்டட்டும், புது வண்டிக்குக் கொடுக்கிற காசு திரும்பவே திரும்பாது. வாடகை வீட்டில் கீழே பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். விற்ற கடைக்காரர் ஊரில் சர்வீஸும் வைத்திருக்கிறாரா என்று அதைவிட முக்கியமாகப் பாருங்கள். ஒரு சின்ன போர்டு கெட்டதற்கு வண்டி மதுரைக்குப் போய் உட்கார்ந்த கதைகளை நிறையக் கேட்டாயிற்று.

அடுப்பில் கணக்கு இழுபறி. 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற சமையலை இன்டக்ஷன் அடுப்பில் செய்ய 120 யூனிட் வாக்கில் ஆகும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிற வீட்டில் இது லாபம். 450 ஓடுகிற வீட்டில் 500ஐத் தாண்டியவுடன் பில் குதித்துவிடும், கேஸே மேல். கூரையில் சோலார் இருந்தால் கணக்கு மறுபடி மாறும், 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78 ஆயிரம் கிடைக்கிறது, மதியச் சமையலைத் தகட்டுக் கரண்டிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு அடுப்பை மட்டும் நம்பாதீர்கள். இந்தியா எரிக்கும் சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் வெளியிலிருந்து, அதுவும் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வருகிறது. இரண்டாவது சிலிண்டருக்குப் பதில் ஒரு இன்டக்ஷன் அடுப்பு என்பது என் அபிப்பிராயம். அம்மாவுக்கு மண்சட்டியில் மீன்குழம்பு வைக்கக் கேஸ் இருக்கட்டும், இன்டக்ஷனில் அது ஆகாது.

கடைசி ரகம் டிராக்டர், லாரி, வள்ளம். ஒரு கிலோ டீசலில் சுமார் 12 யூனிட் வெப்பம் இருக்கிறது. பேட்டரிப் பெட்டியில் ஒரு கிலோவுக்கு 0.2 யூனிட்டுக்குப் பக்கம்தான். இன்ஜின் மூன்றில் இரண்டு பங்கை வீணடித்தாலும் டீசல் இருபது மடங்கு முன்னால் நிற்கிறது. உவரியிலிருந்தும் கூத்தங்குழியிலிருந்தும் விடியுமுன் கடலுக்குப் போகிறவரிடம் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போங்கள் என்றால், மீனை எங்கே போட என்று கேட்பார். சேற்றில் உழுகிற டிராக்டருக்கும் அதே பதில். ஊருக்குள் ஓடுகிற பஸ்ஸும் சின்ன லோடு வண்டியும் மாறிவிடும், நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகிற லாரி அவ்வளவு சீக்கிரம் மாறாது. எரிக்காமல் சாப்பிடுகிற எண்ணெயும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை நெடுநாள் யூரியாவை, கச்சா எண்ணெயைப் பிரித்தால் கிடைக்கிற நாப்தாவிலிருந்துதான் செய்தது, பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அம்பாசமுத்திரத்து வயலில் நெல்லுக்குள் ஏறுகிற தழைச்சத்து அங்கிருந்து வருகிறது. காத்தாடி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இன்றைக்கு அதிலிருந்து யூரியா கொட்டாது.

அதனால்தான் பம்புக்கும் ஸ்கூட்டருக்கும் எண்ணெயை எரிப்பது எனக்கு ஊதாரித்தனமாகப் படுகிறது. மாற்று இருக்கிற வேலையில் எரித்துத் தீர்த்துவிட்டால் மாற்றே இல்லாத வேலைக்கு, உழவுக்கும் கடலுக்கும், அதே எண்ணெயை எந்த விலைக்கு வாங்குவது?

சோலார் பம்பு எடுக்கத் தீர்மானித்துவிட்டவர்களுக்கு இரண்டு விஷயம். விண்ணப்பம் போடும்போது போர் ஆழத்தையும் கோடையில் நிற்கிற நீர்மட்டத்தையும் உண்மையாக எழுதுங்கள், ஐப்பசி மழையில் அளந்த மட்டத்தை எழுதினால் சித்திரையில் மோட்டார் வெறுங்காற்றைத்தான் இழுக்கும். பழைய டீசல் இன்ஜினை உடனே இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நாலு நாள் தொடர்ந்து மேகம் மூடினாலும், கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்னல் இறங்கினாலும் வாழை காத்திருக்காது. ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வையுங்கள், மாதம் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், அதற்கு ஐந்து லிட்டர் டீசல் எப்போதும் கேனில் இருக்கட்டும்.